கதையில் இறந்த கவுன்சிலர்

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் நான் தமிழ் டைப்பிஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங்கில் லோயர், அவ்வளவுதான் படிப்பு. விரல்கள் வேகமாக ஓடும். வாய்தான் வராது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளை பெயரைக் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பேச்சையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசாத ஆள் அந்தப் பகுதியிலேயே நான் ஒருத்திதான்.

அவரை எல்லோரும் தலைவர் என்பார்கள். பெருங்களத்தூரைத் தாண்டி ஏரியை ஒட்டியிருந்த எங்கள் பேரூராட்சிக்கு ஒருமுறை தலைவராக இருந்தவர். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். பதவி போய்விட்டது, பட்டம் மட்டும் தங்கிவிட்டது. காலையில் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வாசலில் வந்து நிற்பார். திறந்துவைக்கக் கட்டடம் இல்லை, தலைமை தாங்கக் காதுகுத்துகூட இல்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைப்பார். பள்ளிக்கூட வேன்கூட அவருக்குப் பயந்து அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தது.

தினமும் கட்சி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டதால் மாவட்டச் செயலாளருக்குத் தொந்தரவு தாங்கவில்லை. "அண்ணே, உங்க அனுபவம் யாருக்கு வரும்? கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுத்து ஏதாவது எழுதுங்களேன்" என்றிருக்கிறார். ஆளை விடுங்கள் என்று அதற்குப் பொருள். தலைவர் அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாளே எங்கள் கடைப் படியேறி, "நாவல் ஒண்ணு போடணும்" என்றார்.

"எத்தனை காப்பி சார்?" என்றார் எங்கள் முதலாளி.

"இன்னும் எழுதலை."

"எழுதிட்டு வாங்களேன்."

"எழுதத்தானேய்யா வந்திருக்கேன். நான் சொல்றேன், அந்தம்மா அடிக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

தலைவருக்குக் கையில் மைக் இல்லாவிட்டால் வாக்கியம் வராது. ஒலிபெருக்கிக் கடையில் கழித்துப் போட்ட மைக் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் அவர் பின்னாலேயே தரையில் இழுபடும். கேட்பதற்குக் கூட்டமும் வேண்டும். அதனால் நாலைந்து தொண்டர்கள் கூடவே வருவார்கள். கடையில் உட்கார இடம் கிடையாது. ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்துகொண்டும் படியில் குந்திக்கொண்டும் கேட்பார்கள். ஒரு பத்தி முடிந்ததும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் நான் டைப் செய்து முடிக்க வேண்டும். கைதட்டல் பலமாக இருந்தால் தலைவர் அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொல்வார். நானும் இன்னொரு முறை அடிப்பேன். எடுத்துவிடலாமா என்று கேட்கக் கூச்சம். அதனால் முதல் நாவலில் பல வாக்கியங்கள் இரண்டு முறை அச்சாகியிருக்கும். அதைப் படித்த ஒரு தமிழாசிரியர், நடையில் இசைத்தன்மை இருப்பதாக மேடையில் பாராட்டினார்.

முதல் நாவலுக்குப் பெயர் 'வாக்குறுதி வானம்'. அதில் ஒரு வில்லன் வருவான். அவனுக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது, மதம் கிடையாது, தொழில்கூடக் கிடையாது. எதைச் சொன்னாலும் எங்கள் பேரூராட்சியில் அதற்கு ஓட்டு இருந்தது. மீசையாவது வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். அதையும் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மீசைக்காரங்க மனசு நோகுமேம்மா" என்றார். கடைசியில் வில்லன் 'வெளியூரிலிருந்து வந்த ஒருவன்' என்ற அளவில் நின்றான். கதாநாயகன் அவனை எதற்காக அடிக்கிறான் என்றே தெரியாது.

இரண்டாவது நாவல் 'மக்களின் மருமகன்'. இதில் காதல் உண்டு. கதாநாயகன் ஏரிக்கரையில் காதலியைச் சந்திக்கிறான். மூன்று பக்கம் பேசுகிறான். அவள் கேட்கிறாள். பிறகு தங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று ஒரு மனு கொடுக்கிறாள். அவன் ஆவன செய்வதாகச் சொல்கிறான். அந்த அத்தியாயம் முடிந்தபோது தொண்டர்கள் விசிலடித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கதையில் இடம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேர்தலில் சீட் கேட்பது மாதிரியே கேட்டார்கள். கறிக்கடைக்காரர் வந்தார், ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் வந்தார், டெய்லர் தன் மச்சானுக்காகச் சிபாரிசு பிடித்துக்கொண்டு வந்தார். தலைவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. எல்லோரும் சொந்தப் பெயரிலேயே உள்ளே வந்தார்கள். ஒரு அத்தியாயத்தில் கதாநாயகன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். ஓடுகிற வழியில் பதினெட்டுப் பேர் அவனுக்குச் சால்வை போடுகிறார்கள். ரயில் எப்படி நின்றது என்று நான் கேட்கவில்லை.

இடம் கேட்காமலே இடம் கிடைத்தவர் ஒருவர்தான். அவரைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தலைவருக்கு நெடுநாள் தொண்டர். கட்சியில் வட்டச் செயலாளர். அதனால் ஊரில் அவருக்கு 'வட்டம்' என்றே பெயர். கேளம்பாக்கம் பக்கத்துக் கடலோரக் குடும்பம். எங்கள் ஊரில் வீடு எடுத்துக்கொண்டு மொபெட்டில் மீன் விற்றுவந்தார். விடியற்காலை மீன் எடுக்கப் போகும்போதே போஸ்டர் ஒட்டிக்கொண்டு போவார். மைதா பசை காய்ச்சுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அவர் ஒட்டிய போஸ்டரைப் பெயர்த்தால் சுவரும் கூடவே வரும்.

அவருக்கு ஒரே ஆசை. கவுன்சிலர் ஆக வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் தலைவர் அடுத்த முறை என்பார். அடுத்த முறை அந்த சீட் யாருடைய மைத்துனருக்காவது போய்விடும். மூன்றாவது நாவலைத் தொடங்கியபோது தலைவருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. "வட்டம், இந்தக் கதையில நீதான்யா கவுன்சிலர்" என்று அறிவித்தார். அவர் பெயரிலேயே ஒரு பாத்திரம்.

வட்டம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் எங்கள் கடைக்கு புட்டுக்கென்று ஒரு கிலோ சுறா மீன் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா, கவுன்சிலர்னு போடறப்போ எழுத்த கொஞ்சம் தடியா போடுக்கா. எங்க வூட்ல பாக்கணும்" என்றார். போட்டேன்.

அந்த நாவல், 'மடை திறந்த மாவீரன்', தொடராக வந்தது. எங்கள் முதலாளி பேட்டைக்கென்று ஒரு வாரப் பத்திரிகை நடத்திவந்தார். வாடகை வீடு, டியூஷன், பெஸ்ட் கண்ட்ரோல் விளம்பரங்களோடு இலவசமாக வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலன் இருக்கும், அதற்கு மேலே தலைவரின் தொடர். ராசிபலன் பார்க்க வந்தவர்கள் கண் மேலே போய்விடும் என்பது தலைவர் கணக்கு.

அந்த வருடம் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே படகு விடலாம்போல இருந்தது. எங்கள் ஏரி நிரம்பிக் கரை எந்த நேரமும் உடையும் என்ற நிலை. மதகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. திறக்க வேண்டிய அதிகாரிகள் வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, கடப்பாரையால் நெம்பி மதகுப் பலகையைத் தூக்கியவர் வட்டம்தான். கரைமேல் நின்று கயிறு பிடித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அதனால் எனக்கு நேரடியாகத் தெரியும். தலைவர் அந்த மூன்று நாளும் வண்டலூரில் தன் சம்பந்தி வீட்டு மாடியில் இருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தார். ஊரில் முழங்காலளவு தண்ணீர் மிச்சமிருந்த ஒரே பள்ளத்தைத் தேடிப்பிடித்து, அதில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில் நிவாரணப் பாய் கொடுத்த கூட்டத்தில், "உயிரைத் துச்சமென மதித்து மதகைத் திறந்தேன்" என்று பேசினார். மேடையிலிருந்த மாவட்டச் செயலாளர் அப்படியே எழுந்து சால்வை போர்த்தினார். வரப்போகும் தேர்தலில் பேரூராட்சித் தலைவர் பதவிக்கு மறுபடி அவரைத்தான் நிறுத்துவார்கள் என்று அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது. வட்டம் மேடைக்குக் கீழே நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "தலைவரு செஞ்சதாவே இருக்கட்டும் சார். நமக்கு இன்னா இப்போ?" என்றாராம்.

இதற்குப் பிறகு ஒருநாள் தலைவர் கடைக்குத் தனியாக வந்தார். மைக்கும் இல்லை, ஆட்களும் இல்லை. தொண்டர்களின் வீடுகளில் இன்னும் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த அத்தியாயம் அடிக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவர் சாதாரணக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் கம்மலான குரல்.

கதையில் மழை பெய்கிறது. கவுன்சிலர் ஏரிக்கு வருகிறான். சட்டையைக் கழற்றி மடித்து, நனையாத இடம் தேடி, ஒரு பனைமரத்தின் மட்டைக்கு இடையில் செருகுகிறான். தண்ணீரில் இறங்குகிறான். மதகு திறக்கிறது. தண்ணீர் அவனையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. விடிந்ததும் ஊர் ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். மட்டையில் சட்டை மட்டும் காய்ந்துபோய் இருக்கிறது. அவ்வளவுதான் அத்தியாயம். ஒரு வணக்கம் இல்லை, ஒரு சால்வை இல்லை. எனக்குத் திரை மங்கிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என்னையும் மீறி, "ஏன் சார் சாகணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் சாகச் சொல்லலைம்மா. மதகைத் திறந்துட்டுக் கரையேறுவான், மாலை போடலாம்னுதான் நெனச்சு வந்தேன். சட்டைய மடிச்சு வச்சான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு." ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

பத்திரிகை வந்தது. எங்கள் தெருவில் பெண்கள் அழுதார்கள். எதிர்வீட்டு அம்மா அன்று கறி சமைக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தலைவரின் தொண்டர்கள் கட்சிக்காரர்கள். அவர்களுக்கு ஒருவர் இறந்தால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். இளைஞரணிச் செயலாளர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து, 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் அடித்துவிட்டார். எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்ற என்று தொடங்கி, வட்டத்தின் பெயர், வட்டத்தின் போட்டோ, பக்கத்தில் இரண்டு மெழுகுவத்தி. கீழே வருந்தும் நண்பர்களின் படங்கள், வட்டத்தின் படத்தைவிடப் பெரிதாக. எல்லாவற்றுக்கும் அடியில், அச்சகத்தின் பெயர் போடும் இடத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 'கதையில்' என்று இருந்தது. விசுவாசத்தில் செய்தாரா, விஷமத்தில் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் கவுன்சிலர் சீட் கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரை ஒட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கேளம்பாக்கத்திலிருந்து வட்டத்தின் சொந்தக்காரர்கள் ஒரு வேனில் மாலைகளோடும், மேளக்காரர்களோடும் வந்து இறங்கினார்கள். வட்டம் வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பால் வாங்கப் போனவள், அங்கே நின்றுவிட்டேன்.

பெரியப்பா மகன் முதலில் இறங்கியவர், மாலையோடு அப்படியே நின்றார். "டேய், இன்னாடா, உக்காந்துகினு கீற?"

"மீனு வெட்டறேன். நீ இன்னா மாலையோட வந்துகீற? யாரு பூட்டா?"

"நீதான்டா பூட்ட! வண்டலூர் ஜூ கேட்டாண்ட போஸ்டர் கீது."

வட்டம் கத்தியைக் கீழே வைத்தார். தொழில்காரர் அல்லவா, முதலில் அதைத்தான் கேட்டார்: "போட்டோ தெளிவா கீதா?"

"போட்டோ சூப்பரா கீதுடா. மாப்ள மாரி கீற."

"யாரு ஒட்டனது? நெளிவு கிளிவு இல்லியே?"

உள்ளேயிருந்து வட்டத்தின் மனைவி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாலையைப் பிடுங்கி வீசினார். "மதகத் தொறந்த பேர எட்த்துக்கினாரு, வாயத் தொறந்தியா? இப்போ உசுரையும் எட்த்துக்கினாரு. இன்னும் இன்னா கீது உன்னாண்ட குடுக்க? மொபெட்டு ஒண்ணு கீது, அதையும் குடுத்துட்டு வா!" என்று கத்தினார். வந்த மேளக்காரர்கள் பயணச் செலவு வீணாகக் கூடாதென்று மெதுவாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவும் சிரிப்போடு போயிருக்கும். அந்த வாரம்தான் கட்சியில் வேட்பாளர் பட்டியல் தயாரானது. இந்தத் தடவை வட்டத்தின் பெயர் நிஜமாகவே அதில் இருந்திருக்கிறது. மாவட்டச் செயலாளர் காரில் போகும்போது போஸ்டரைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லி அந்தப் பெயரை அடித்துவிட்டார். வட்டம் ஓடிப்போய் நேரில் நின்றார். மாவட்டச் செயலாளர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ உயிரோட இருக்கே, எனக்குத் தெரியுது. ஓட்டு போடறவனுக்குத் தெரியணுமே? செத்தவனுக்கு சீட் குடுத்தோம்னு எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்யா. உங்க தலைவர்தானே கொன்னாரு? அவரையே அடுத்த வாரம் கதையில பொழைக்க வைக்கச் சொல்லு. பத்திரிகையைக் கொண்டா, சீட்டை வாங்கிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வட்டம் நேராக என்னிடம் வந்தார். மீன் வியாபாரத்தைக்கூட விட்டுவிட்டு வந்திருந்தார். அதுவும் சரியாகப் போகவில்லையாம். போஸ்டரைப் பார்த்த ஒரு வீட்டில், இன்றைக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அக்கா, நீ மெஷின்ல ஒரு லைன் போடுக்கா. 'மூச்சு கீது'ன்னு. அவ்ளோதான். மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவரைக் கேட்காமல் நான் எப்படிப் போட முடியும்? முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குள் தலைவரே வந்துவிட்டார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. ஒரு அத்தியாயத்துக்குப் போஸ்டர் ஒட்டுகிற அளவுக்கு வாசகர் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். வட்டம் விஷயத்தைச் சொன்னதும், "அட, இதுக்கா இவ்வளோ? ஒரு மறுப்பு அறிக்கை விட்டா முடிஞ்சுது" என்றார்.

உண்மைதான். வாழ்நாளில் அவர் விட்ட மறுப்பு அறிக்கைகள் கொஞ்சமா? மைக்கைக் கையில் எடுத்தார். "கவுன்சிலர் உயிரிழந்துவிட்டதாகச் சில விஷமிகள் பரப்பிவரும் செய்தியில் எள்ளளவும் உண்மையில்லை..." நான் அடித்தேன். நிறுத்தி, "படிம்மா" என்றார். படித்தேன். "வேணாம், எடுத்துடு" என்றார்.

இரண்டாவது வழி. கவுன்சிலரை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, அடையாற்றில் சேர்கிறது, கடலில் கலக்கிறது, மீனவர்கள் காப்பாற்றுகிறார்கள்.

"இது நல்லா கீது தலைவரே," என்றார் வட்டம். "எங்க ஆளுங்கதான். எங்க மாமாகூட கட்டுமரம் வச்சிகிறாரு. அவர் பேர போடுங்க."

தலைவர் யோசித்தார். "அப்போ அந்தச் சட்டை?"

"இன்னா சட்ட?"

"மட்டையில காய்ஞ்சுக்கிட்டு இருக்கே. அதைப் பாத்து ஜனங்க அழுதாங்களே. அதை என்ன பண்றது?"

"எட்த்து போட்டுக்கினு வூட்டுக்குப் போவான் தலைவரே!"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "எடுத்துடும்மா" என்றார். மூன்றாவதாக இரட்டைப் பிறவி என்று ஆரம்பித்தார். பாதி வாக்கியத்திலேயே மைக்கை மேசைமேல் வைத்துவிட்டார். "எனக்கு வரலைய்யா" என்றார்.

"வர்ல்னா?" வட்டத்துக்குப் புரியவில்லை. "இன்னா தலைவரே, ஏரியத் தூர் வாரிட்டோம்னு சொன்னீங்க, தூர் அப்படியே கீது. பஸ் ஸ்டாண்டு வருதுன்னீங்க, நாளதுவரைக்கும் வர்ல. அதெல்லாம் வந்துச்சு, இது வர்லியா?"

"அது மேடைய்யா."

"இது ஓசி பேப்பரு தலைவரே! ராசிபலன் பக்கத்துல வருது!"

வட்டம் அவர் முன்னால் கைகூப்பி நின்றார். குரல் இறங்கிவிட்டது. "இத்தினி வருசமா உங்க பின்னாடி வாழ்க வாழ்கன்னு கத்திக்கினு வந்தேன். தொண்டையே பூட்ச்சு. ஒரே ஒரு தபா நீங்க என்னிய வாழ்கன்னு சொல்லக்கூடாதா?"

தலைவர் எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். இந்த சீட்டை எத்தனை முறை வட்டத்துக்கு இல்லாமல் செய்தோம் என்று அவர் மனதில் ஓடியதோ என்னவோ. அந்த அத்தியாயத்தை விடவும் முடியாமல் இவரை விடவும் முடியாமல் அவர் தவித்தது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அடிம்மா. அன்புள்ள வாசகர்களுக்கு. கதையில் வந்த கவுன்சிலர் இறந்தது இறந்ததுதான். அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் அதே பெயரில் நம் ஊரில் மீன் விற்கும் வட்டச் செயலாளர் நலமாக இருக்கிறார். மழையின்போது ஏரி மதகைத் திறந்தவர் அவர்தான். நான் திறந்தேன் என்று பள்ளிக்கூட மைதானத்தில் சொன்னது கதை. அந்த நேரம் நான் வண்டலூரில் என் சம்பந்தி வீட்டு மாடியில் இருந்தேன்."

என் விரல்கள் நின்றுவிட்டன. வட்டம் பதறிப்போய், "தலைவரே, கட்சில உங்க சீட்டு இன்னா ஆவும்? மதக வச்சிதான் உங்கள நிறுத்தறதாவே கீறாங்க" என்றார்.

"சும்மா இருய்யா."

நான் மெதுவாக, "வண்டலூர் வேணுமா சார்? வெளியூர்னு மட்டும் போடட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. இடத்தைச் சொன்னாத்தான் நம்புவாங்க."

அந்த வாரம் அது அப்படியே அச்சில் வந்தது. அதைப் படித்த ஊர் ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் அதை அடுத்த அத்தியாயம் என்றே நினைத்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டு மாடியில் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டுக் கடைக்கு போன் வந்தது. சென்ற வாரம் அளவுக்கு உருக்கமாக இல்லை என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். மாவட்டச் செயலாளர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார். தொல்லை பிடித்த ஒரு மனிதரைக் கழற்றிவிட இதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. தலைவர் பதவிக்குத் தன் சகலையை நிறுத்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று பெயர் எடுக்க, வட்டத்துக்குக் கவுன்சிலர் சீட்டைக் கொடுத்தார்.

தலைவர் பின்னால் வந்துகொண்டிருந்த தொண்டர்கள் சகலை பின்னால் போனார்கள். வட்டம் மட்டும் பிரசாரத்துக்கு நடுவிலும் கடைக்கு வந்துபோவார். பிறகு அவர் ஜெயித்தார். நூற்றுச் சொச்சம் ஓட்டில்தான், ஆனாலும் ஜெயித்தார். எனக்கு ஜெயித்த நாள் அவ்வளவாக நினைவில் இல்லை. பிரசாரத்தின்போது ஒருநாள் மத்தியானம் அவர் வந்ததுதான் நன்றாக நினைவிருக்கிறது. தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நாவலின் கடைசி அத்தியாயத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பேஜாரா பூட்ச்சு தலைவரே. ஒரு வூட்ல ஓட்டு கேட்டு நின்னா, அந்தம்மா என் நோட்டீஸ வாங்கவே மாட்டேங்குது."

"ஏன்யா?"

"'நாங்க ஓட்டு போடறதா இருந்தா அந்தக் கவுன்சிலருக்குத்தான் போட்ருப்போம், தண்ணில பூட்டாரே, அவருக்கு. எவ்ளோ நல்ல மனுசன்'னுது. 'அது நான்தாம்மா, அதே பேருதான்'னு சொல்றேன். கொமட்டுலயே குத்தற மாரி பாக்குது. 'நீயா? அவரு நல்ல ஒசரமா, செவப்பா இருப்பாரு. சுருட்ட முடி. எனக்குத் தெரியாதா?'ன்னுது. நான் இன்னாக்கா பண்ண முடியும்?"

நான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். தலைவர் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உயரம், சிவப்புன்னு நான் எங்கேயாவது சொல்லியிருக்கேனாம்மா?"

"இல்லீங்க சார்."

"சுருட்டை முடி?"

"அதுவும் இல்லீங்க."

அவருக்கு எத்தனையோ பேர் சால்வை போர்த்தி நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சால்வைக்கும் அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. வட்டத்தைப் பார்த்து, அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்.